குறை சொல்பவர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேர், "ஐயோ, அந்த ஆளா!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் அவர் தங்களிடம் சொன்ன ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை பல்லைக் கடிப்பார்கள். அது மட்டும் காரணமில்லை. அந்தப் பெயரைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் எனக்கு எதிர்வீடு. நாங்கள் குடிவந்த அன்றுதான் முதலில் பார்த்தேன். பால் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு எவர்சில்வர் டப்பா, அதில் கல்கண்டு. வந்தார். கல்கண்டை என் மனைவியிடம் கொடுத்தார். நேரே குளியலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு வெளியே வந்தார்.

"சார், வாட்டம் தப்பு. தண்ணி கதவுப் பக்கம் வருது."

வீட்டு வேலையை மேற்பார்வை பார்த்த என் மைத்துனன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்தவன் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. என் மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "யாருங்க இந்த ஆளு? நல்ல நாளும் அதுவுமா!" என்றாள்.

மூன்றே மாதத்தில் குளியலறைத் தண்ணீர் கூடத்துக்கு வந்தது. தரையை உடைத்து மறுபடி போட்டோம். வேலை முடிந்த அன்று அவர் வந்தார். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்வார், இவருக்குக் காப்பி கொடுக்கக் கூடாது என்று என் மனைவி முடிவோடு இருந்தாள். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார், குனிந்து பார்த்தார், "இப்ப சரியா இருக்குங்க" என்றார், போய்விட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழுது பார்த்து முடித்த சாமான்கள் கடைசியாக இவரிடம் வரும். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் வேலை. "எனக்குச் சம்பளமே குறை கண்டுபிடிக்கத்தான் சார் குடுத்தாங்க. நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் எதுக்கு?" என்பார். ஓய்வு பெற்றபோது பணிமனை அவரை வெளியே அனுப்பிவிட்டது, அந்த வேலை அவரோடே வீட்டுக்கு வந்துவிட்டது. மெஸ்ஸில் சாப்பிட்டால் கல்லாவில் இருப்பவரிடம், "தேங்காச் சட்னி காலையில அரைச்சது இல்லீங்க" என்பார், மற்ற மேசைக்காரர்கள் காதிலும் விழும்படி. கல்யாண வரவேற்பில் மேடையேறி மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையிடம், "தம்பி, பின்னாடி பந்தலோட கயிறு தளர்ந்திருக்கு, சொல்லிடுங்க" என்பார். அந்தப் பையன் போட்டோவுக்குச் சிரிப்பானா, பந்தலைப் பார்ப்பானா?

எனக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நான் மன்னார்புரம் பக்கம் ஓர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன். எந்தப் புகார் வந்தாலும் 'ஆவன செய்யப்படும்' என்று பதில் எழுதியே காலத்தை ஓட்டினேன். வீட்டிலும் அப்படித்தான். பூசி மெழுகுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால்தானோ என்னவோ, எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது. அவர் உடைப்பார், நான் ஒட்ட வைப்பேன். "அவர் மனசுல ஒண்ணும் கிடையாதுங்க" என்று எத்தனை வீட்டு வாசலில் நின்று சொல்லியிருப்பேன்!

எனக்கு முன்னால் அந்த ஒட்டவைக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய பெண். ஒரே பெண். அவள் பத்தாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அப்பா யாரிடமாவது குறை சொல்ல ஆரம்பித்தால் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, கேட்பவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்புவாள். மன்னிச்சுக்கோங்க என்று அர்த்தம். அவர் திரும்பினால் கை உடனே தலைமுடிக்குப் போய்விடும். அவருக்கு இது கடைசிவரை தெரியாது. அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு எல்லோரும் அவரை மன்னித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு வரன் பார்க்கும்போது நாங்கள் எல்லோரும் பயந்தோம். எந்த மாப்பிள்ளையை இவர் விட்டு வைப்பார்? கோலாலம்பூரில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் வந்தான். இவர் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றான். இவர் உட்கார்ந்த பிறகே உட்கார்ந்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னான். திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன், எப்படி என்று.

"ஒரு குறையும் தெரியல சார். அதான் கொஞ்சம் யோசனையா இருக்கு."

"குறை இல்லாததும் ஒரு குறையா? உங்களோட பெரிய ரோதனை சார்! பேசாம கல்யாணத்த முடிங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். கல்யாணம் முடிந்தது.

கோலாலம்பூர் போன பிறகு அவள் வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுவாள். ஒரு வருஷம் கழிந்ததும், "அப்பா, ஒரு வாரம் வந்துட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டாள். அவருக்குத் தனியாக விமானம் ஏறப் பயம். என்னையும் கூட வரச் சொன்னார். நான் வெளிநாடு பார்த்ததில்லை, தலையை ஆட்டினேன். திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதே அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

"சார், இது சம்பந்தி வீடு மாதிரி. அங்க போய் அது சரியில்ல, இது சரியில்லன்னு ஆரம்பிச்சீங்கன்னா பொண்ணுதான் மாட்டிக்கும். ஒரு வாரம். வாயத் திறக்கக் கூடாது."

"கண்ணுல பட்டா?"

"பட்டாலும்."

"சரி சார். உங்களுக்காக" என்று என் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தார்.

காப்பாற்றினார், பாவம். முதல் நாள் மட்டும் சாம்பாரில் புளி தூக்கல், டைல்ஸ் வழுக்குகிறது, கார்ச் சக்கரத்தில் காற்று குறைவு என்று வாய் தவறி வந்தது. அப்புறம் ஏதாவது கண்ணில் பட்டால் என்னைப் பார்ப்பார். நான் கண்ணை உருட்டுவேன். விழுங்கிக்கொள்வார். பெண் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா வந்த சந்தோஷம் என்று நினைத்தேன். மருமகன் எங்கள் இருவரையும் தாங்கு தாங்கு என்று தாங்கினான். ஒரு நிமிஷம் தனியாக விடவில்லை. அதையும் மரியாதை என்றுதான் நினைத்தேன்.

கடைசி நாள் இரவு ஒரு விசித்திரமான சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். "உள்ள ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது மாமா. என்ன சாப்பிடுறோம்னே தெரியாது. பரிமாறுறவங்க எல்லாம் பார்வை இல்லாதவங்க" என்றான்.

"வெளிச்சம் இல்லாம எப்படிச் சாப்பிடுறது? முடி கிடந்தா?" என்று இவர் கேட்டுவிட்டார். நான் முழங்கையால் இடித்தேன். பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஒரு வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வாசலிலேயே செல்போன், கைக்கடிகாரம், வெளிச்சம் வருகிற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். மருமகன் மட்டும், ஆபீசிலிருந்து அழைப்பு வரும், வந்தால் உள்ளே வந்து என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்தான். எது பிடிக்கும், எது ஆகாது என்று மட்டும் எங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பெண்ணிடம் கேட்டபோது, "அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்று அவனே சொன்னான்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார், நல்ல தமிழ் பேசினார், அந்த ஊர்க்காரர். "பயப்படாதீங்க. என் தோள்ல கை வைங்க. உங்க பின்னால வர்றவங்க உங்க தோள்ல வைக்கட்டும். படி எதுவும் இல்ல" என்றார். அவர் பின்னால் மருமகன், அவன் தோளைப் பிடித்துப் பெண், அவள் தோளைப் பிடித்து இவர், கடைசியில் நான். இரண்டு கனத்த திரைகளைத் தாண்டினோம். அவ்வளவுதான். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருந்தது. எங்கேயோ ஸ்பூன் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், எங்கேயோ பியானோ. வட்ட மேசை. மருமகன், அவன் பக்கத்தில் பெண், அவளுக்கு இந்தப் பக்கம் இவர், இவருக்கு அடுத்து நான்.

சாப்பாடு வந்தது. ஸ்பூனால் முடியவில்லை, கையால்தான் சாப்பிட்டோம். என் விரல் ஒரு தடவை தண்ணீர் டம்ளருக்குள் போயிற்று. எதையோ மீன் என்று நினைத்துச் சாப்பிட்டேன், காளானாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தேன்.

நடுவில் பெண் எழுந்தாள். பரிமாறுகிறவர் அவளைக் கழிவறைக்கு அழைத்துப் போனார். அவள் போனதும் இவர் என் காதில் ஆரம்பித்தார். "சார், ஏசி நேரா என் உச்சந்தலையில அடிக்குது. வைக்கிற இடமா இது?"

"நீங்க இங்க வாங்க, நான் அங்க உட்கார்றேன்" என்று தட்டுத் தடுமாறி இடம் மாற்றிக்கொண்டோம்.

"உப்பும் கம்மி சார். இருட்டுல யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"சார்! குடுத்த வாக்கு என்னாச்சு?"

"சரி. இனிமே வாயத் திறக்கல" என்றார். கோபம்தான். ஒரு சத்தமும் இல்லாமல் மென்றுகொண்டிருந்தார்.

பெண் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து மருமகனிடம் போன் வந்திருக்கிறது என்றார். அவன் எழுந்து அவரோடு போனான். அந்த நேரம் பார்த்துப் பியானோவோடு யாரோ உரக்கப் பாட ஆரம்பித்தார்கள். கை தட்டல். பக்கத்தில் இருப்பவர் பேசினால்கூடக் கேட்காத சத்தம். என் காதருகே மூச்சு பட்டது.

"அப்பா, ஒண்ணும் பேசாதீங்க. இந்த ஒரு தடவை மட்டும் வாயத் திறக்காதீங்கப்பா. நான் சொல்றத மட்டும் கேளுங்க."

'நான் அங்கிள்மா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கை என் கையைத் தேடிப் பிடித்துவிட்டது.

"என்னால இங்க இருக்க முடியலப்பா. அடிக்கிறார். வெளிய தெரியாத இடமாப் பார்த்து அடிக்கிறார். போன்ல உங்ககிட்ட பேசுறப்பல்லாம் பக்கத்துலயே நிக்கிறார். பாஸ்போர்ட்ட பீரோவுல வச்சுப் பூட்டியிருந்தார், நேத்து எடுத்துட்டேன். நாளைக்கு அவருக்கு ஆபீஸ் இருக்கு. ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும்தான் வருவேன். அங்க வச்சு நீங்க வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்படியே வந்துடுறேன். டிக்கெட் அங்கயே எடுத்துக்கலாம். நீங்க சொல்லாம எனக்குக் கால் வராதுப்பா. சரின்னா என் கையை அழுத்துங்க."

அழுத்தினேன்.

ஏன் அழுத்தினேன் என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. ஒரு பெண் அழுகிற குரலில் கேட்கிறாள், வேறு என்ன செய்வது? அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். முப்பது வருஷம் கடுதாசியில் எழுதிய பதிலைத்தான் கையால் சொல்லியிருக்கிறேன், ஆவன செய்யப்படும். அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது. பிறகு மருமகனின் குரல் கேட்டது, கை போய்விட்டது.

கிளம்பும்போது மறுபடி வரிசை. அவள் தோளில் நான் கை வைக்க வேண்டிய இடம். நான் வேண்டுமென்றே பின்வாங்கி, "நீங்க முன்னால போங்க சார்" என்று அவரைத் தள்ளினேன். வெளிச்சத்துக்கு வந்து அவள் திரும்பிப் பார்த்தபோது தோளில் இருந்தது அவள் அப்பாவின் கை. அவரைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவர் மருமகனிடம், "சாப்பாடு நல்லாருந்ததுங்க மாப்ள" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், சரியாகச் சொன்னேனா என்பதுபோல.

அன்று ராத்திரியே அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒரே அறையில்தான் படுத்திருந்தோம். சொன்னால் என்ன நடக்கும்? எழுந்து போய்க் கதவைத் தட்டுவார். அந்நிய ஊர், நடுராத்திரி, போலீஸ், அது இது. அவர் வாயைக் கட்ட என்னால் முடியாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று புரண்டு படுத்தேன். அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

மறுநாள் அவள் சொன்னபடிதான் நடந்தது. மருமகன் வாசலிலேயே காலில் விழுந்து வணங்கிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான். டாக்சியில் நாங்கள் மூன்று பேர். அவள் தோளில் ஒரு பை, அதைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். விமான நிலையத்தில் உள்ளே போகிற இடம் வந்தது. அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், அவள் பையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். விழுங்கினார்.

"அப்பா, ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

"எல்லாம் நல்லாருக்கும்மா. ஒரு குறையும் இல்ல. சந்தோஷமா இரு."

இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று எனக்குள்ளே அடித்துக்கொண்டது. நான் பெட்டியின் கைப்பிடியை இழுத்து, மடக்கி, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் கை கூப்பினாள். எங்கள் இருவருக்கும் சேர்த்து. நாங்கள் உள்ளே போனோம். திரும்பிப் பார்த்தபோதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

விமானம் கிளம்பியதும் அவர் பெருமையாகச் சொன்னார். "அவ பை ஜிப்பு பிஞ்சிருந்தது சார். உள்ள இருக்கிற பாஸ்போர்ட் வெளிய தெரியுது. எங்கயோ எடுத்துட்டுப் போகணும்போல. விழுந்துடும்மான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உங்களுக்குக் குடுத்த வாக்குக்காகச் சொல்லாம வந்தேன்."

ஊர் வந்து சேர்ந்ததும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். முதலில் என் மனைவியிடம் சொன்னேன். "ஐயையோ, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நாளைக்கே அங்க போய் நிப்பார். புருஷன் பொண்டாட்டி விவகாரம், இன்னைக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குச் சேர்ந்துக்குவாங்க. நமக்கெதுக்குங்க வம்பு? அவளே போன்ல சொல்லாமலா இருப்பா?" என்றாள். அவள்மேல் பழி போட மாட்டேன். யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்.

பெண் போன் செய்யவில்லை. இவர் செய்தால் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவாள். பிறகு எடுப்பதே இல்லை. மருமகன் மட்டும், "அவ நல்லாருக்கா மாமா, கொஞ்சம் வேலை" என்பான்.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காலண்டர் தாள். அதன் பின்பக்கம் வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தார், பணிமனையில் எழுதுகிற மாதிரி. புளி தூக்கல். ஹாலில் டைல்ஸ் வழுக்குகிறது. மருமகன் காரில் பின்சக்கரம் காற்று குறைவு. இருட்டுக் கடையில் முடி கிடந்தால் என்று கேட்டது.

"நான் அந்த ஒரு வாரத்துல சொன்ன குறை இவ்வளவுதான் சார். நல்லா ஞாபகப்படுத்தி எழுதிட்டேன். இதுல எது சார் அவ மனசப் புண்படுத்தியிருக்கும்?"

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் எவன் சும்மா இருப்பான்? நான் இருந்தேன். இத்தனை மாதம் கழித்துச் சொன்னால், இதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். வேறொன்றும் இல்லை. "இதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். வேலை அதிகமா இருக்கும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இல்ல சார். என் வாய்தான்" என்றார்.

அன்றிலிருந்து அவர் குறை சொல்வதை நிறுத்தினார். மெஸ்ஸில் ஊசிப்போன சட்னியை வைத்தார்கள், வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குங்க" என்றார். இஸ்திரி போடுகிறவர் சட்டைக் காலரைக் கருக்கிக் கொண்டுவந்து கையைப் பிசைந்தார். "பரவால்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று அதையே போட்டுக்கொண்டு போனார். குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம். "மனுஷன் திருந்திட்டார்!" என்றார்கள். இத்தனை வருஷம் பேசாதிருந்த என் மைத்துனன்கூட அவருக்கு வணக்கம் சொன்னான். யாராவது புதிதாக எதையாவது காட்டினால் அவசர அவசரமாக, பார்ப்பதற்கு முன்பே, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்பார். எனக்கு அதைக் கேட்கச் சகிக்காது. எழுந்து போய்விடுவேன்.

இரண்டாவது வருஷம் இளைக்க ஆரம்பித்தார். சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. நான்தான் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர், "எங்கங்க வலிக்குது?" என்று கேட்டார்.

"எங்கயும் இல்லீங்க டாக்டர். எல்லாம் நல்லாருக்கு."

"சார், ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்தீங்களே, சொல்லுங்க!" என்று நான் கத்தினேன்.

"அது ஒண்ணும் குறையில்ல சார்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு ஸ்கேன் எடுத்தபோது வயிறு முழுக்கப் பரவியிருந்தது. வலி எத்தனை மாதமாக இருந்ததோ, யாருக்குத் தெரியும்? மூன்று வாரம் படுத்திருந்தார். ஒரு தடவைகூட முனகவில்லை. மூன்று வாரமும் அவர் பெண்ணுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தேன். பதிலே இல்லை.

போன அன்று காலை கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைத்திருந்தார்கள். திருவெள்ளறையிலிருந்து அவர் தம்பி மகன் கொள்ளி போட வந்திருந்தான். பன்னிரண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அவள்தான். அடையாளமே தெரியவில்லை.

"முகத்தக் காட்டுங்க அங்கிள்."

காட்டினேன். பார்த்தாள். அழவில்லை.

"என்னால வர முடியாது. பாஸ்போர்ட் அவர்கிட்ட இருக்கு. எடுத்து வச்சிருந்தது தெரிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் வீட்டுல வைக்கிறதே இல்ல." போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். "அப்பாகிட்ட வாழ்க்கையில ஒரே ஒரு தடவை கேட்டேன் அங்கிள். கையை அழுத்திச் சரின்னாரு. விடிஞ்சதும் ஒரு குறையும் இல்ல, சந்தோஷமா இருன்னுட்டாரு. ஊர்ல எல்லார்கிட்டயும் உள்ளதச் சொன்னவரு, என்கிட்ட மட்டும் ஏன் அங்கிள் அப்படிச் செஞ்சாரு?"

போனை எடுத்துக்கொண்டு பெட்டியின் தலைமாட்டுக்குப் போனேன்.

"அம்மா, அன்னைக்கு இருட்டுல உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தது நான். இடம் மாறி உட்கார்ந்திருந்தோம். கையை அழுத்தினது நான்தான்."

"என்ன சொன்னீங்க?"

இன்னொரு தடவை சொன்னேன். திரையில் அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

"அப்ப அப்பாவுக்கு..."

"தெரியாதும்மா. கடைசி வரைக்கும் தெரியாது."

என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. நான் ஒரு பொருட்டாகவே அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் எங்கேயோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது, ஆண் குரல், யாரு போன்ல என்று. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னாள்.

"அங்கிள், போனை அப்பா காதுல வைங்க. சீக்கிரம்."

பெட்டி மூடியைத் தூக்கச் சொல்லி, அவர் காதோடு போனை ஒட்டிப் பிடித்தேன். வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் என்ன பேசுகிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தேன். கை விறைத்துப்போய் எடுத்துப் பார்த்தபோது திரை அணைந்திருந்தது. அழைப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்த்தேன். அவள் காதில் வைக்கச் சொன்ன கையோடு கட்டாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த எண் போகவே இல்லை.

தம்பி மகன் பக்கத்தில் வந்து, "பேசி முடிச்சிட்டாங்களா சார்? எடுத்துடலாமா?" என்று கேட்டான்.

"பேசிட்டாப்பா. எடுத்துடலாம்" என்றேன்.